எட்டுப் பேர் பேசினால் விழிக்கும் கோபுரம்

உலகத்தில் மிக அதிகமான காதுகளில் விழுந்த வாக்கியங்களில் ஒன்றை எழுதியவன் நான். இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்கிறேன். காவியம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். படிக்கத்தான் ஆள் தேட வேண்டும். என் வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாற்பது லட்சம் பேர் கேட்கிறார்கள். பலர் ஒரே மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போனைச் சுவரில் எறிந்தவர்களும் உண்டு. எந்தக் கவிஞனுக்கு இப்படி உணர்ச்சிவசப்படும் வாசகர்கள் வாய்த்தார்கள்?

வாக்கியம் இதுதான்: "நீங்கள் அழைத்தவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார்."

முன்பு எங்கள் செல்போன் நிறுவனத்தில் இதற்கு நான்கு வாக்கியங்கள் இருந்தன. போனை அணைத்து வைத்திருந்தால் ஒன்று, ஆள் தொலைவில் இருந்தால் ஒன்று, நெரிசல் என்றால் ஒன்று, எங்கள் கோபுரமே கோளாறு என்றால் ஒன்று. நான்காவதில் 'வருந்துகிறோம்' என்று ஒரு சொல்கூட இருந்தது. 'ஆற்றல் சிக்கனப் பிரிவு' தொடங்கிய முதல் வாரத்தில், பிரிவின் அறிக்கை எழுத்தாளன் என்ற முறையில் நான் ஓர் ஆலோசனை சொன்னேன். காரணம் எதுவானாலும் கூப்பிட்டவர் பேசப்போவதில்லை. அப்புறம் எதற்கு நான்கு? நான்கையும் அழித்துவிட்டு நான் இந்த ஒன்றை எழுதினேன். 'வருந்துகிறோம்' அன்றோடு மிச்சமானது.

இந்த ஆலோசனையில் எங்கள் பிரிவுத் தலைவர் உருகிப்போனார். அலுவலகத்தில் எப்போதும் பாதி விளக்குகளை மட்டும் எரியவிடுவதால் அவருக்கு 'அரைவிளக்கு' என்று பெயர். காதில் விழுந்தால் அவர் கோபித்துக்கொள்வதில்லை, பெருமையாகச் சிரிப்பார். அவர் உத்தரவுப்படி எங்கள் மின்தூக்கி மேலே மட்டும்தான் போகும். இறங்குவதற்கு மனிதனுக்குக் கால்கள் இருக்கின்றன என்பது அவர் கண்டுபிடிப்பு. இவ்வாறு சேமித்த மின்சாரத்தின் அளவை ஊரார் காண வேண்டும் என்பதற்காக, வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை நிறுவியிருந்தார். அது இருபத்துநான்கு மணி நேரமும் ஒளிரும். சூடாகிவிடக் கூடாதே என்று அதற்கென்று தனியாக இரண்டு ஏ.சி.

பிரிவின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. பொருள்: 'உறங்கும் கோபுரங்கள்'.

"ஒரு டவர் எப்போ தூங்கணும்?" என்று ஆரம்பித்தார் அரைவிளக்கு.

"பேச ஆள் இல்லாதப்போ சார்," என்றார் கணக்குப் பொறியாளர். எங்கள் பிரிவில் கணக்குத் தெரிந்த ஒரே பெண். ஒரே மனிதர் என்றே சொல்லலாம்.

"ஆள் இல்லைன்னு டவருக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே நேரத்துல இத்தனை போனுக்குக் கீழ போச்சுன்னா தூங்கு, இத்தனை போன் வந்தா முழிச்சுக்கோன்னு சொல்லி வைக்கணும். தூங்கும்போது தூரத்துல இருக்கிற பெரிய டவர் பார்த்துக்கும். ஆனா அந்த எண்ணிக்கை தெருவுக்குத் தெரு மாறும் சார். நடுவுல கட்டடம் இருக்கா, என்ன மாதிரி ஆளுங்க இருக்காங்க, எல்லாம் பார்க்கணும். ரெண்டு மாசம் கொடுத்தீங்கன்னா அளந்து சொல்லிடறேன்."

"ரெண்டு மாசம் அளக்க எத்தனை யூனிட் கரண்ட் ஆகும்?"

பொறியாளர் கணக்கிட ஆரம்பித்தார். அரைவிளக்கு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு எண் சொல்லுங்க."

நான் மேசையைப் பார்த்தேன். எட்டுத் தேநீர்க் கோப்பைகள் இருந்தன.

"எட்டு," என்றேன்.

"ஏன் எட்டு?" என்றார் பொறியாளர்.

"சயின்டிஃபிக்கா இருக்கு," என்று அரைவிளக்கு கூட்டத்தை முடித்துவைத்தார்.

'விரிவான ஆய்வுக்குப் பின் எட்டு என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று நான் குறிப்பு எழுதினேன். ஒன்பது பேர் வந்திருந்தால் நாட்டின் தகவல் தொடர்பு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

மறுவாரமே நகரத்தில் முந்நூறு கோபுரங்கள் தூங்கின. நான்காம் நாள் அக்கா என் வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டாள்.

"டேய், எங்க தெருவுல சிக்னலே இல்லைடா. மொட்டை மாடிக்குப் போனா ஒரு கோடு வருது, படியில இறங்கினா போயிடுது."

அக்காவுக்கு இது அரட்டைப் பிரச்சினை அல்ல. அத்தானின் சிறுநீரகங்கள் இரண்டு வருடங்களுக்கு முன்பே வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் நாற்பத்தோராம் இடத்தில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அந்த மாதம்தான் முதல் இடத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் கிடைத்தால் மருத்துவமனையிலிருந்து போன் வரும். மூன்று எண்கள் எழுதிக்கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அழைப்பார்கள். அரை மணி நேரத்தில் ஒருவரும் எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். சிறுநீரகம் காத்திருக்காது அல்லவா? அத்தான் கொடுத்த முதல் எண் அவருடையது, இரண்டாவது அக்காவுடையது, மூன்றாவது என்னுடையது.

"அத்தான் என்ன சொல்றாரு?"

"அவர் என்ன சொல்வாரு? நாற்காலியில உட்கார்ந்து போனையே பார்த்துட்டிருக்காரு."

அத்தான் முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். எத்தனையோ பேர் மரத்தையும் மாட்டையும் நோக்கி வண்டியைச் செலுத்தியபோது, குரலை உயர்த்தாமல் அந்த பிரேக்கை மிதித்து, "பரவாயில்லை, மறுபடி பார்ப்போம்" என்று சொன்ன மனிதர். கோபம் அவருக்கு வராது. வலது கால் மட்டும் இப்போதும் சில சமயம் தரையைத் தானாக மிதிக்கும்.

"வேற கம்பெனிக்கு மாறிடட்டுமாடா?"

"எல்லா கம்பெனிக்கும் உங்க பக்கத்துல அந்த ஒரே டவர்தான்க்கா. எங்ககிட்ட வாடகைக்கு எடுத்திருக்காங்க. நீ கவலைப்படாதே, சோதனை வண்டி அனுப்பறேன்."

சோதனை வண்டி எங்கள் நிறுவனத்தின் மனசாட்சி. பின்சீட்டில் ஒரு மரச்சட்டம், அதில் வரிசையாகச் செல்போன்கள். வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் தாமாகவே பேச ஆரம்பிக்கும். எவ்வளவு நன்றாகப் பேச முடிகிறது என்பதை ஒரு கணினி பதிந்துகொள்ளும். மனிதத் தலையீடு கிடையாது. ஓட்டுநர் மட்டும்தான் மனிதர்.

வண்டி அக்கா தெருவுக்குப் போனது. முடிவு: 'மிகச்சிறப்பு'. அக்கா கத்தினாள். மறுநாளும் அனுப்பினேன். முடிவு: 'மிகமிகச்சிறப்பு'. மூன்றாம் நாள் நானே வண்டியில் ஏறிக்கொண்டு போனேன்.

தெரு சின்னது. ஒரு பக்கம் ஐந்து மாடி உயரத்துக்குத் தகரச் சுவரோடு ஒரு குளிர்பதனக் கிடங்கு. மறுபக்கம் நான்கு பழைய வீடுகள். தூரத்துப் பெரிய கோபுரத்திலிருந்து வரும் சிக்னல் அந்தத் தகரத்தில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். வண்டி நின்றது. இரண்டாம் மாடிச் சன்னலில் அத்தான் போனைத் தூக்கிக் காட்டினார், ஐந்து கோடுகளாம். அக்கா மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"பாருங்க, நீங்க வந்தா வருது, போனா போயிடுது. இந்த வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க!"

ஓட்டுநர் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

"சார், உங்க டவர் எத்தனை போன் பேசினா முழிக்கும்?"

"எட்டு."

"பின்னாடி எத்தனை போன் இருக்கு, எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். எட்டு.

"அப்ப நாம சிக்னலை அளக்க வரலை சார். நாமதான் எழுப்பி விடறோம். தூங்கறவனைத் தட்டி எழுப்பி, தூங்கறியான்னு கேட்டா அவன் என்ன சொல்வான்?" ஓட்டுநர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆறு மாசமா ஊர் பூரா இப்படித்தான் 'மிகச்சிறப்பு' போட்டுட்டு வரோமா?"

ஆறு மாதம் இல்லை, ஒரு வாரம்தான் என்று நான் அவரைத் திருத்தினேன். புள்ளிவிவரத்தில் நான் கண்டிப்பானவன்.

இந்த மகத்தான உண்மையை மறுநாள் கூட்டத்தில் சமர்ப்பித்தேன். அரைவிளக்கு கண்களை மூடிக் கேட்டார்.

"அதாவது, எழுப்பினா டவர் எழுந்துக்குது."

"ஆமா சார்."

"நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"சார், அந்த மாதிரித் தெருவுக்கு எட்டை ரெண்டாக்கினா போதும்," என்றார் பொறியாளர். "ஒரு நிமிஷ வேலை. இங்கேயே பண்ணிடறேன்."

"எட்டுன்னு விருதுக்கு எழுதி அனுப்பியாச்சே அம்மா. தேசிய அளவு விருது. இப்ப ரெண்டுன்னா நம்ம ஆராய்ச்சியைச் சந்தேகப்பட மாட்டாங்களா?" அவர் என்னைப் பார்த்தார். "இல்லையா?"

என் அத்தானின் சிறுநீரகம் அந்த எட்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே தெளிவாகத் தெரியாத அளவுக்கு நிதானமாக ஆட்டினேன். 'கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று குறிப்பில் எழுதினேன். ஒரு கருத்தை அடக்கம் செய்ய இதைவிட மரியாதையான சொற்கள் எந்த மொழியிலும் கிடையாது.

ஆனால் நான் கல்நெஞ்சன் அல்ல. அன்று மாலையே அக்காவிடம் போய் அலுவலக ரகசியத்தைச் சொல்லிவிட்டேன்.

"எட்டுப் போன் ஒரே நேரத்துல கூப்பிட முயற்சி பண்ணணும், அவ்வளவுதான்க்கா. லைனை வைக்காம இருக்கிற வரைக்கும் டவர் முழிச்சிருக்கும்."

"அவ்வளவுதானே?" என்றாள் அக்கா.

அக்காவைப் போன்ற ஒரு நிர்வாகி எங்கள் நிறுவனத்தில் இல்லை. மாடிப்படிச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினாள். காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை, எந்த நேரத்தில் எந்த எட்டுப் போன். தையல்காரர் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரரை அழைத்துவிட்டு, போனைத் துணிக்குவியலில் வைத்துவிட்டுத் தைப்பார். கணக்கு ட்யூஷன் எடுக்கும் டீச்சர் எதிர்வீட்டு வங்கிக்காரியை அழைப்பார். வங்கிக்காரி வேலைக்குப் போகும்போது ஒரு பழைய போனைத் தெருவுக்காக வீட்டிலேயே விட்டுப்போவாள். கீழ்த்தளத்தில் அண்ணன் தம்பி இருவர். சுவர் ஒன்றுக்காகப் பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவர்களையும் அக்கா விடவில்லை. அண்ணன் தம்பியை அழைப்பார். தம்பி எடுப்பார். இருவரும் ஒரு சொல் பேசாமல் நாலு மணி நேரம் லைனில் இருப்பார்கள்.

"அவன் மூச்சு விடறது மட்டும் கேட்குது," என்று ஒரு நாள் அண்ணன் அக்காவிடம் சொன்னாராம். "கொஞ்சம் இழுக்குது. டாக்டரைப் பார்க்கச் சொல்லு."

தெருவே இப்படி ஒரு மனிதனுக்காகப் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டவர் கண் இமைக்கவில்லை. அத்தானின் போனில் ஐந்து கோடுகள். பதினேழு நாள்கள் அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று அக்கா சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை நான் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

பதினெட்டாம் நாள் அரைவிளக்கு என்னையும் பொறியாளரையும் வரவேற்பறைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். திரை முழுவதும் தூங்கும் கோபுரங்கள் நீலமாக மின்னின. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு.

"இந்த டவருக்கு என்ன வியாதி? பதினேழு நாளாத் தூங்கவே இல்லை!" பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தகப்பனைப் போல் துடித்தார். "விருதுக்காரங்க நாளைக்கு வர்றாங்க. இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

பொறியாளர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெருவும் தெரியும், என் அத்தானும் தெரியும். நான் திரையைப் பார்த்தேன்.

"அழைப்பெல்லாம் இருக்கு சார்," என்றார் அவர் மெதுவாக. "ஆனா பேச்சு இல்லை. சும்மா திறந்து வச்சிருக்காங்க. ஏதோ அவசியம் இருக்கும் சார்."

"பேச்சில்லாத அழைப்பா? அப்ப அது அழைப்பே இல்லை! அதைக் கணக்குல சேர்க்காதேன்னு ஒரு ரூல் போடுங்க. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அமல். நாளைக்கு வர்றவங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன்." பிறகு என்னிடம், "அழகா எழுதுங்க," என்றார்.

ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், இனி சும்மா வைக்காதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்று சொன்னால் போதும். ஆளுக்கொரு ரேடியோவைப் பக்கத்தில் வைத்தாலும் நடக்கும். நிம்மதியாக உட்கார்ந்து சுற்றறிக்கையை எழுதினேன்.

'மனிதப் பேச்சு இடம்பெறாத அழைப்புகள் அழைப்புகளாகக் கருதப்படமாட்டா.' என்ன கம்பீரம்! அடுத்த வரி: 'இது அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அமலுக்கு வரும்.' படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. ஒரு சுற்றறிக்கை அப்படி முடியலாமா? என் இருபத்திரண்டு வருட எழுத்து வாழ்க்கையில் எல்லாச் சுற்றறிக்கைகளும் ஒரே மாதிரிதான் கம்பீரமாக முடிந்திருக்கின்றன. விரல்கள் தாமாகவே திருத்தின: 'இவ்வாணை உடனடியாக அமலுக்கு வருகிறது.' ஆகா! அரைவிளக்கு பாதி வெளிச்சத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, விருது விழாவுக்குக் கோட்டு அணிந்து படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். மின்தூக்கி மேலே மட்டும்தான் போகும் என்று சொல்லியிருக்கிறேன். பொறியாளர் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே ஏறி வந்தார்.

"சார், உடனடியாகன்னா... உடனடியாவா? ஒண்ணாம் தேதின்னாரே?"

நான் மனத்துக்குள் தலைவரின் ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் நான் எழுதியதுதான்.

"சுற்றறிக்கையில் உள்ளபடி," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"உள்ளபடி அம்மா, உள்ளபடி," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

விழா சிறப்பாக நடந்தது. அரங்க வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார்கள். சிக்கனத்துக்கு மரியாதை செலுத்தும் பொருட்டு அனைவரும் செல்போனை அணைத்து அதில் இட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அறிவிப்பின் வாசகமும் என்னுடையதே. என் போனை நானே முதலில் அணைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, கூடையில் இட்டேன். பத்து மணிக்கு, வரவேற்பறைப் படத்தை அப்படியே காட்டிய அரங்கத் திரையில் கடைசிச் சிவப்புப் புள்ளியும் நீலமானது. அரங்கமே எழுந்து கை தட்டியது. "ஒரு கோபுரத்தைத் தூங்கவைப்பது, ஒரு குழந்தையைத் தூங்கவைப்பது போல," என்று அரைவிளக்கு என் வரிகளைப் படித்தபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். விருதுக் கோப்பை கனமாக இருந்தது.

அதே பத்து மணிக்குத் தெருவில் எட்டுப் போன்கள் திறந்தே இருந்தன. டீச்சர் மட்டும் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார். அது பேச்சு, கணக்கில் சேர்ந்தது. தையல் மெஷின் சத்தம் சேரவில்லை. அண்ணன் தம்பியின் மூச்சு சேரவில்லை. எட்டுக்கு இரண்டுதான் தேறியது. கோபுரம் தூங்கிவிட்டது. அத்தனை நாள் நிம்மதியில் எல்லாரும் போன் கோடுகளைப் பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

பத்து இருபதுக்கு மருத்துவமனை அழைத்தது. பத்து ஐம்பதுக்குச் சிறுநீரகம் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தவருக்குப் போனது. அவர் நலமாக இருக்கிறார் என்று கேள்வி. எனக்கு மகிழ்ச்சிதான்.

அன்று மாலை நான் போனபோது அக்கா அட்டவணையைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை.

"அந்த நர்ஸ் என்னைக் கேட்கிறாங்கடா, 'ஆறு தடவை கூப்பிட்டோம், மூணு பேருமே எல்லைக்கு வெளியேன்னு வருது. இவ்வளவு முக்கியமான நேரத்துல குடும்பத்தோட எங்கம்மா போனீங்க?'ன்னு. நான் என்னடா பதில் சொல்றது?"

அத்தான் நாற்காலியில் இருந்தார். கையில் போன். மறுநாள் டயாலிசிஸ். "பரவாயில்லை, மறுபடி பார்ப்போம்," என்றார். அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

என் வாக்கியத்தின் பெருமையைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், கணக்கோடு முடித்துவிடுகிறேன். அன்று அரை மணி நேரத்தில் மருத்துவமனை அதை ஆறு முறை கேட்டது. இரண்டு முறை அத்தானின் எண்ணுக்கு. அவர் சன்னலோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை அக்காவின் எண்ணுக்கு. அவள் அவருக்கு ஆறடி தள்ளி நின்றாள். ஆக, நான்கு முறை அது பொய் சொன்னது. மீதி இரண்டு முறை மருத்துவமனை அழைத்தது என் எண்ணை. நான் அரங்கத்தில் என் வரிகளுக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் எழுதப்பட்ட நாளிலிருந்து, அப்போதுதான் அது உண்மை பேசியது.